ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த விடை

சென்ற தவணையில் எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஒரு சிறிய பரிசோதனை நடந்தது. மேசையின் மீது ஒரு திசைகாட்டி. அதற்கு மேலே வடக்குத் தெற்காக நீட்டிப் பிடித்த ஒரு செப்புக் கம்பி. ஆசிரியை ஆளியை மூடியதும் கம்பியில் மின் ஓடியது. வடக்கைப் பார்த்துக் கிடந்த ஊசி சட்டென்று திரும்பியது. ஆளியைத் திறந்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. 1820 ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டட் கண்ட உண்மை இது. மின் ஓடும் இடத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். நாங்கள் அதை அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அத்துடன் அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பொருட்களை அடுக்கி வைக்கும்போது ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். இதைப் போன்ற ஊசிகளின் அசைவை வைத்துக்கொண்டு, வானத்தில் நூறு கிலோமீற்றர் உயரத்தில் பெரும் மின்னோட்டம் ஓடுகிறது என்று ஒருவர் கண்டறிந்தாராம். கம்பியும் இல்லை, ஆளியும் இல்லை. அவர் சொன்னதை உலகம் ஏற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றதாம். அதற்குள் அவர் இறந்துவிட்டார். அவருடைய பெயர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். அதற்கு முன் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஊசி மனதை விட்டு நகரவில்லை. அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அவர் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த பொருள் துருவ ஒளி. புவியின் காந்த முனைகளைச் சூழ்ந்துள்ள ஒரு வளையப் பிரதேசத்தில்தான் அது வழக்கமாகத் தோன்றும். நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதி, ஐஸ்லாந்து, கிறீன்லாந்து, கனடா, அலாஸ்கா, சைபீரியா ஆகியவை அந்த வளையத்துக்குள் அடங்கும். தெற்கே அந்தாட்டிக்காவிலும் அது தெரியும். மத்திய கோட்டுக்கு அருகே வாழும் எமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

முகில் இல்லாத நீண்ட குளிர்கால இரவில், அடிவானத்தில் முதலில் வெளிறிய பச்சை வில் ஒன்று எழும். நேரம் செல்லச் செல்ல அந்த வில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலையாக மாறும். காற்றில் அசைவது போல அந்தத் திரை அசையும். ஆனால் அந்த உயரத்தில் அதை அசைக்கக் காற்று இல்லை. கீழ் ஓரத்தில் ஊதா கலந்த சிவப்பும், மேலே இரத்தச் சிவப்பும் தோன்றும். சில இரவுகளில் தலைக்கு நேர் மேலே கதிர்கள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு கிரீடம் போல விரியும். பிறகு எல்லாம் மங்கி, ஒன்றுமே நடக்காதது போல நட்சத்திரங்கள் மட்டும் எஞ்சும்.

இந்த ஒளியைக் கண்டு வியந்தவர்களில் முஸ்லிம் பயணி ஒருவரும் இருக்கிறார். 921 ஆம் ஆண்டு அப்பாசிய கலீபா அல் முக்ததிர், வொல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களிடம் ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். அக்குழுவில் இப்னு பழ்லான் இருந்தார். அங்கு போய்ச் சேர்ந்த பின் ஓர் இரவு வானம் சிவந்து, அதில் குதிரை வீரர்கள் மோதிக்கொள்வது போன்ற உருவங்கள் தெரிந்ததாகவும், தாமும் கூட வந்தவர்களும் அஞ்சி துஆவில் ஈடுபட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஊர் மக்களோ இவர்களைப் பார்த்துச் சிரித்தார்களாம். அது அவர்களுக்குப் பழகிய காட்சி. நல்ல ஜின்களும் கெட்ட ஜின்களும் சண்டையிடுவதாக அவர்கள் தம் முன்னோரிடம் கேட்டறிந்திருந்தார்கள்.

அறிவியல் இந்த ஒளியை நெருங்கிய வழியிலும் திசைகாட்டி ஊசி நிற்கிறது. வெப்பநிலை அளவையால் நாம் எல்லோரும் அறிந்த செல்சியஸும், அவருடைய உதவியாளர் ஹியோட்டரும் 1741 இல் சுவீடனின் உப்சாலா நகரில் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். வானில் துருவ ஒளி தோன்றும்போது மேசையில் இருந்த காந்த ஊசியும் அசைந்தது. பிறகு 1859 செப்டெம்பரில், சூரியனின் முகத்தில் திடீரென ஒரு பிரகாசம் தோன்றியதை இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் கண்டார். ஒரு நாள் கூடக் கழியவில்லை. உலகெங்கும் காந்த ஊசிகள் துடித்தன, தந்திக் கம்பிகள் தாமாகவே மின் பெற்றன, கியூபா வரைக்கும் துருவ ஒளி தெரிந்தது. சூரியனுக்கும் இந்த ஒளிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் பதினைந்து கோடி கிலோமீற்றர் வெற்றிடத்தைத் தாண்டி எது வர முடியும்? அப்படி ஒரு தொடர்பு இருக்க முடியாது என்று பெரும் பௌதிகவியலாளரான கெல்வின் பிரபு 1892 இல் கணக்குப் போட்டே கூறிவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் பிர்க்லாண்ட் மாணவராக இருந்தார். அவர் 1867 டிசெம்பர் 13 ஆம் திகதி நோர்வேயின் தலைநகரில் பிறந்தவர். இன்று ஒஸ்லோ எனப்படும் அந்த நகருக்கு அன்று கிறிஸ்டியானியா என்று பெயர். முதலில் கணிதத்தில் ஆழ்ந்தவர், பிறகு பௌதிகவியலுக்குத் திரும்பினார். பாரிஸில் பொன்காரேயிடமும், ஜேர்மனியின் பொன் நகரில் வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹேர்ட்ஸிடமும் கற்றார். நாடு திரும்பி, முப்பது வயதளவில், 1898 இல் தலைநகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பருமன் இல்லாத உடல். கேள்வி கொஞ்சம் குறைந்தே இருந்தது. மேடையை விட ஆய்வுகூடமே அவருக்குச் சொந்த வீடு.

அன்றைய ஆய்வுகூடங்களில் எல்லோரும் கதோட்டுக் கதிர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் எதிர் முனையிலிருந்து புறப்படும் கதிர்கள் அவை. அவை இலத்திரன்களே என்று தொம்சன் 1897 இல் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பிர்க்லாண்ட் அந்தக் குழாயின் பக்கத்தில் ஒரு வலிய காந்தத்தை வைத்துப் பார்த்தார். கதிர்கள் காந்த முனையை நோக்கி வளைந்து குவிந்தன. அதைக் கண்டதும் அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது. புவியும் ஒரு பெரிய காந்தம்தானே? சூரியனிலிருந்து இத்தகைய கதிர்கள் புறப்பட்டு வந்தால், புவியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களை நோக்கித்தானே திருப்பிவிடும்? துருவ ஒளி ஏன் துருவங்களில் மட்டும் தோன்றுகிறது என்ற கேள்விக்கு அதுவே விடையாக இருக்கலாம் அல்லவா?

நாங்கள் உயர்தரத்தில் இடக்கை விதியை மனப்பாடம் செய்கிறோம். காந்தப்புலத்தினூடாக ஓடும் ஏற்றத்தின் மீது ஒரு விசை தாக்கும், அது அதன் பாதையை வளைக்கும் என்று எழுதுகிறோம். அதே விதியை ஒருவர் வானத்தின் மீது வைத்துப் பார்த்தார் என்பதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் எண்ணம் வேறு, சான்று வேறு. சான்றைத் தேடி அவர் வடக்கே புறப்பட்டார். அந்தப் பயணங்கள் இலேசானவை அல்ல. தொடக்கப் பயணம் ஒன்றில் உடன் சென்ற ஹெலன்ட் ஹன்சன் என்ற இளைஞர், கடும் பனியில் சிக்கிக் கைவிரல்கள் பலவற்றை இழந்தார். மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த அவர் அந்தத் துறையைக் கைவிட நேர்ந்தது. பின்னாளில் அவர் பெயர் பெற்ற கடலியலாளரானார் என்பது ஓர் ஆறுதல்.

1899 இல் நோர்வேயின் வடகோடியில் அல்டா என்ற இடத்துக்கு அருகே, ஏறத்தாழ 900 மீற்றர் உயரமான ஹால்டே மலையில் பிர்க்லாண்ட் கல்லால் ஆன அவதான நிலையங்களை அமைத்தார். இரண்டு சிகரங்களில் இரண்டு நிலையங்கள். இடையே தொலைபேசிக் கம்பி. ஒரே ஒளியை இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நோக்கினால், கோணங்களின் வித்தியாசத்திலிருந்து அதன் உயரத்தைக் கணிக்கலாம் என்பது திட்டம். குளிர்காலம் முழுவதும் அந்த மலையில் தங்கினார்கள். அங்கு பல வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. கதவைத் திறந்து வெளியே போவதே ஆபத்தான அளவுக்குப் புயல் வீசும்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், 1900 இல், குழுவைச் சேர்ந்த போயே என்ற இளைஞர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். உயரத்தை அளக்கும் முயற்சியும் வெற்றி பெறவில்லை. சிகரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்துவிட்டன; ஒளியோ அவர்கள் எண்ணியதை விட மிக உயரத்தில் இருந்தது. பத்து ஆண்டுகளின் பின் அவருடைய சக ஆய்வாளரான கணிதவியலாளர் ஸ்டோமர், நிலையங்களை நன்றாகத் தள்ளி வைத்துப் புகைப்படம் எடுத்து, ஒளித்திரையின் கீழ் ஓரம் பெரும்பாலும் 100 கிலோமீற்றர் அளவு உயரத்தில் இருப்பதைக் காட்டினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். ஓர் இளைஞனின் விரல்கள், இன்னோர் இளைஞனின் உயிர். பாடநூலில் ஒரு வரியாக வரும் உண்மைக்குப் பின்னால் இவை இருக்கின்றன. அந்த இளைஞரின் தாய்க்கு இந்தக் கண்டுபிடிப்பு என்ன ஆறுதலைக் கொடுத்திருக்கும்? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அவருடைய பெயரை இங்கு எழுதாமல் பிர்க்லாண்டின் புகழை மட்டும் எழுதுவது நியாயமாகப் படவில்லை.

பிர்க்லாண்ட் நின்றுவிடவில்லை. 1902, 1903 ஆம் ஆண்டுகளில் இன்னும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கினார். வட நோர்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பேர்கன், ருஷியாவின் நொவாயா செம்லியா என நான்கு இடங்களில் நிலையங்கள் இயங்கின. ஒவ்வொன்றிலும் காந்த ஊசிகள் இரவு பகலாகப் பதிவு செய்யப்பட்டன. துருவ ஒளி பொங்கும்போது எந்த இடத்தில் ஊசி எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியது என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எங்கள் ஆய்வுகூடத்தில் கம்பியைப் பார்த்து ஊசியின் திசையைச் சொன்னோம். அவர் ஊசியைப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாத கம்பியைத் தேடினார்.

அவர் கண்ட விடை இதுதான். துருவ ஒளி தோன்றும் பிரதேசத்தின் மேலே மிகப் பெரிய மின்னோட்டம் கிடையாக ஓடுகிறது. அது அங்கேயே பிறந்து அங்கேயே முடிவதில்லை. வான்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகளின் வழியே கீழிறங்கி, வளிமண்டலத்தில் சற்றுத் தூரம் ஓடி, மீண்டும் கோடுகளின் வழியே மேலேறிச் செல்கிறது. அதாவது புவியும் வான்வெளியும் ஒரே சுற்றில் இணைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஆய்வின் முதற் பகுதி 1908 இலும் அடுத்தது 1913 இலும் பெரிய நூலாக வெளிவந்தது.

வானத்தை எட்டிப் பிடிக்க முடியாதவர் வானத்தையே ஆய்வுகூடத்துக்குள் இறக்கிவிட்டார். உள்ளே மின்காந்தம் பொருத்திய ஓர் உலோகக் கோளத்தைச் செய்து, கதிர் பட்டால் ஒளிரும் பூச்சை அதன் மேல் பூசினார். சின்னப் புவி என்ற பொருளில் அதற்கு டெரெல்லா என்று பெயர். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கோளத்தை வைத்து, சூரியனுக்குப் பதிலாக ஒரு கதோட்டிலிருந்து கதிர்களைப் பாய்ச்சினார். காந்தத்தை இயக்கியதும் கோளத்தின் இரு முனைகளையும் சுற்றி இரண்டு ஒளி வளையங்கள் தோன்றின. புவியில் துருவ ஒளி எங்கே தோன்றுகிறதோ ஏறத்தாழ அதே இடத்தில்! இருட்டறையில் நின்று அதை முதன்முதலில் பார்த்தபோது அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அதற்காக அவர் கையிலெடுத்த முயற்சிகளில் ஒன்று மின்காந்தப் பீரங்கி. வெடிமருந்து இல்லாமல், மின்சுருள்களின் விசையால் குண்டைச் செலுத்தும் கருவி அது. 1903 மார்ச் 6 ஆம் திகதி பல்கலைக்கழக மண்டபத்தில் பிரமுகர்கள் நிறைந்த சபையில் அதை இயக்கிக் காட்டினார். ஆளியை மூடியதும் குறுஞ்சுற்று ஏற்பட்டுக் காதைப் பிளக்கும் சத்தத்துடன் பெரும் தீப்பிழம்பு எழுந்தது. சபையோர் நடுங்கிப் போனார்கள். எல்லோர் முன்னிலையிலும் அவர் தோற்றார்.

ஆனால் தோல்வியில் எழுந்த அந்தப் பிழம்பே வேறொரு கதவைத் திறந்தது. அந்த நாட்களில் அவருக்கு அறிமுகமான பொறியியலாளர் சாம் ஐடே, காற்றிலுள்ள நைதரசனைப் பசளையாக மாற்ற வழி தேடிக்கொண்டிருந்தார். அன்று ஐரோப்பாவின் வயல்கள் சிலி நாட்டிலிருந்து வந்த வெடியுப்பை நம்பியிருந்தன. அது தீர்ந்துவிட்டால் பஞ்சம் வரும் என்று அறிஞர்கள் அஞ்சினார்கள். மின்னல் வெட்டும்போது காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்வது போல, மின்வில்லைக் காந்தப்புலத்தால் பரப்பி வட்டத் தட்டு வடிவான தீயாக்கி, அதனூடாகக் காற்றைச் செலுத்தினால் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகும். அதிலிருந்து நைத்திரிக் அமிலமும், சுண்ணாம்புக் கல்லைச் சேர்த்தால் கல்சியம் நைத்திரேற்றுப் பசளையும் கிடைக்கும். இரசாயனவியலில் நாம் படிக்கும் தாக்கங்கள்தாம். நோர்வேயின் நீர்வீழ்ச்சிகள் வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்தன. 1905 டிசெம்பரில் நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற கம்பனி உருவானது. பின்னாளில் மின்சாரம் குறைவாகத் தேவைப்படும் ஹேபர் முறை இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், காற்றிலிருந்து பெருமளவில் பசளை செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர்கள் இவர்களே. அதனால் கிடைத்த பணத்தைப் பிர்க்லாண்ட் மீண்டும் துருவ ஒளிக்கே செலவிட்டார். நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் முன்மொழியப்பட்டும் ஒருமுறையேனும் கிடைக்கவில்லை.

வீட்டு வாழ்க்கையில் அவர் வெற்றி பெற்றார் என்று சொல்ல முடியாது. 1905 இல் திருமணம் செய்தார். இரவும் பகலும் ஆய்வுகூடத்தில் கழிந்தன. 1911 இல் அந்த மணவாழ்க்கை முறிந்தது. பிள்ளைகள் இல்லை. நீண்ட காலமாகவே தூக்கம் அவரை விட்டு விலகியிருந்தது. தூங்குவதற்காக வெரோனல் என்ற மருந்தை உட்கொள்ளத் தொடங்கினார். நாளடைவில் அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வந்தது.

1913 இன் இறுதியில் அவர் எகிப்துக்குச் சென்று கெய்ரோவுக்கு அருகிலுள்ள ஹெல்வானில் தங்கினார். அங்கு அவர் ஆராய்ந்தது வேறோர் ஒளி. விடியலுக்கு முன்னும் அந்தி மறைந்த பின்னும் அடிவானத்திலிருந்து கூம்பு போல எழும் மங்கலான இராசிமண்டல ஒளி அது. மார்க்க பாடத்தில் பஜ்ர் காதிப் என்னும் பொய் வைகறையைப் பற்றிப் படித்திருக்கிறோம். நெடுக்காக எழுந்து மறைந்துவிடும் அந்த வெளிச்சம் இந்த ஒளிதான் என்பது வானியல் தரும் விளக்கம். அதன் பின் கிடையாக விரியும் உண்மையான வைகறையோடுதான் சுபஹ் தொழுகையின் நேரம் தொடங்குகிறது. எகிப்தின் முஅத்தின்மார் விழித்திருந்து பார்த்த அதே வானத்தை, அதே வேளையில், அந்த நோர்வே நாட்டவரும் விழித்திருந்து பார்த்திருக்கிறார்.

முதலாம் உலகப் போர் மூண்டதும் அவர் அங்கேயே தங்கிவிட்டார். தனிமையும் மருந்தும் அவருடைய மனத்தைத் தாக்கின. தம்மை ஒற்றர்கள் பின்தொடர்வதாக அஞ்சத் தொடங்கினார். 1917 இல், போர் நடக்கும் ஐரோப்பாவைத் தவிர்த்துக் கிழக்கு வழியாக நாடு திரும்பப் புறப்பட்டு, ஜப்பானில் நண்பர்களைச் சந்தித்தார். அவ்வாண்டு ஜூன் 15 ஆம் திகதி டோக்கியோவில் ஒரு விடுதி அறையில் அவர் உயிர் பிரிந்தது. அளவுக்கு மிஞ்சிய தூக்க மருந்து உடலில் இருந்தது. வயது 49.

அவரோடு அவருடைய கருத்தும் புதைந்துவிடும் போல் இருந்தது. இங்கிலாந்தின் சப்மன் போன்ற பெரும் அறிஞர்கள், வான்வெளி வெறும் வெற்றிடம்; மின்னோட்டம் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது என்றார்கள். தரையில் உள்ள ஊசிகளை மட்டும் வைத்து எது சரி என்று முடிவு செய்ய இயலவில்லை. சப்மனின் கணிதம் அழகாக இருந்தது. ஆகவே அதுவே பாடநூலாயிற்று. சுவீடனைச் சேர்ந்த அல்வேன் மட்டும் பிர்க்லாண்டுக்காக விடாமல் வாதாடினார்.

பிறகு மனிதன் வான்வெளிக்கே கருவிகளை அனுப்பினான். 1962 இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம், சூரியனிலிருந்து ஏற்றம் பெற்ற துணிக்கைகள் ஓயாமல் வீசிக்கொண்டிருப்பதை உறுதி செய்தது. சூரியக் காற்று என்பது அதுவே. அடுத்து, துருவங்களின் மேலே 1,100 கிலோமீற்றர் உயரத்தில் பறந்த அமெரிக்கச் செய்மதி ஒன்றில் காந்தமானி இருந்தது. துருவ ஒளிப் பிரதேசத்தைக் கடக்கும் போதெல்லாம் அது தடுமாறியது. சுமுடா என்பவரும் அவருடைய சகாக்களும் 1966 இல் வெளியிட்ட அந்த அளவீடுகள், காந்தக் கோடுகளின் வழியே ஓடும் மின்னோட்டத்தின் அடையாளமே என்று மறு ஆண்டு விளக்கப்பட்டது. மீண்டும் ஒரு காந்த ஊசியின் கதைதான்! இன்று அந்த மின்னோட்டங்களுக்குப் பிர்க்லாண்ட் மின்னோட்டங்கள் என்றே பெயர்.

அவர் சொன்னது எல்லாம் சரியா? இல்லை. இலத்திரன்கள் சூரியனிலிருந்து நேராகத் துருவங்களில் வந்து விழுவதாக அவர் எண்ணினார். உண்மையில் சூரியக் காற்று புவியின் காந்தப்புலத்தில் மோதி, அதை இரவுப் பக்கம் நீண்ட வால் போல இழுக்கிறது. அங்கே சேமிக்கப்படும் சக்தி விடுபடும்போது இலத்திரன்கள் உந்தப்பட்டுக் காந்தக் கோடுகளின் வழியே கீழே பாய்கின்றன. அவை மேல் வளிமண்டலத்து அணுக்களில் மோதி அவற்றை அருட்டுகின்றன. அருட்டப்பட்ட அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒளியை வெளிவிடுகிறது.

பச்சை நிறம் ஒட்சிசன் அணுவினுடையது. அதன் அலைநீளம் 557.7 நனோமீற்றர். 1925 இல்தான் அது ஒட்சிசன் என்று உறுதியானது. சிவப்பும் ஒட்சிசனே தருகிறது. ஆனால் பச்சையை வெளிவிட அணுவுக்கு ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரம் போதும். சிவப்பை வெளிவிட ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் ஆகும். அதற்குள் வேறோர் அணு வந்து மோதினால் அந்தச் சக்தி ஒளியாகாமலே போய்விடும். ஆகையால் அணுக்கள் மிக ஐதாக உள்ள, 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில்தான் சிவப்புத் தெரிகிறது. கீழ் ஓரத்து ஊதாவும் நீலமும் நைதரசன் தருபவை. யாரும் இடையூறு செய்யாமல் சற்றுப் பொறுத்திருந்தால்தான் சில ஒளிகள் வெளிவரும் என்பதை ஓர் அணு காட்டுகிறது.

நோர்வே 1994 இல் தனது 200 குரோனர் தாளில் பிர்க்லாண்டின் முகத்தை அச்சிட்டது. அவருடைய டெரெல்லாப் பெட்டி துரொம்சோ பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவருக்கு இவை தெரியாது.

தோழிகளே, உயர்தர மாணவிகளாகிய நாம் விடைகளை உடனுக்குடன் புள்ளிகளாக எண்ணிப் பழகியவர்கள். சென்ற தவணைப் பரீட்சையில் எனக்குப் பௌதிகவியலில் கிடைத்த புள்ளியை வீட்டில் காட்ட வெட்கப்பட்டேன். இந்தப் பாடம் எனக்குரியதல்ல என்றும் எண்ணினேன். பிர்க்லாண்டைப் படித்த பின் அந்த எண்ணம் குறைந்திருக்கிறது. அவர் சபையின் நடுவே தோற்றார். அந்தத் தீயிலிருந்து பசளை பிறந்தது. அவர் எழுதிய விடைக்கு அவர் வாழும் வரை புள்ளி கிடைக்கவில்லை. விடை சரியாகவே இருந்தது. திருத்துபவர் தாமதமாக வந்தார் என்பதற்காக விடை பிழையாகிவிடாது.

ஆனால் அவருடைய வாழ்வில் எல்லாவற்றையும் பின்பற்ற நான் விரும்பவில்லை. பரீட்சை நெருங்கும்போது தேநீரைக் குடித்துக் குடித்து விடியும்வரை விழித்திருப்பதை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வதுண்டு. இரண்டு மணிக்கு வந்து விளக்கை அணைக்கும் உம்மாவோடு நானும் சண்டை பிடித்திருக்கிறேன். இரவை ஓய்வுக்காகவே அல்லாஹ் ஆக்கியிருக்கிறான். தூக்கத்தையும் குடும்பத்தையும் விலையாகக் கொடுத்த அந்த மனிதர் நாற்பத்தொன்பது வயதில் அந்நிய நாட்டு அறையொன்றில் தனியாகக் கிடந்ததை வாசித்த இரவு, உம்மா வருவதற்கு முன்பே நான் விளக்கை அணைத்துவிட்டேன்.

துருவ ஒளியை என் வாழ்நாளில் காண்பேனா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரியில் அந்தத் திசைகாட்டி இருக்கிறது. அடுத்த நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஊசி சற்று நடுங்கி வடக்கே நின்றது. அது காட்டும் திசையில், பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், ஹால்டே மலையின் மேலே பச்சைத் திரை இன்று இரவும் அசையக்கூடும்.